டிரிப் ஆன பிரேக்கர் என்ன சொல்கிறது?

மாம்பழ சீசன் சூடு பிடித்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஓய்வே கிடையாது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். அந்த நேரத்தில் ஆலையின் மெயின் பிரேக்கர் டிரிப் ஆனால், அதாவது தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தால், எலக்ட்ரீஷியன் ஓடிவந்து ரீசெட் செய்து உடனே ஆன் போடுவார். பாதி வெந்த கூழ் காத்திருக்காது என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஷார்ட் சர்க்யூட் சரியாகாமலே மறுபடி ஆன் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் அதற்கு முன் பிரேக்கரின் முகப்பில் உள்ள சின்னத் திரையைப் படித்தாக வேண்டும். ஏன் டிரிப் ஆனது, எந்த பேஸில், எத்தனை ஆம்பியரில் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும்.

பழைய பிரேக்கர்களில் இந்த வசதி இல்லை. ஓவர்லோடு வந்தால் இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு பட்டை சூடாகி வளையும், ஷார்ட் சர்க்யூட் என்றால் ஒரு காந்தச் சுருள் இழுக்கும், அவ்வளவுதான். அந்தப் பட்டைக்கு மின்சாரம் தரும் சூடும் தகரக் கூரை தரும் சூடும் ஒன்றுதான். கோடையில் பேனலுக்குள் 40 டிகிரியைத் தாண்டினால், சரியான லோடிலேயே டிரிப் ஆகிவிடும்.

புதிய பிரேக்கர்களில் எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்யும் எலக்ட்ரானிக் டிரிப் யூனிட் சூட்டை நம்புவதில்லை, கரண்ட்டை நேரடியாக அளக்கிறது. பெரிய பிரேக்கர்களில் இதற்குப் பெரும்பாலும் ரோகோவ்ஸ்கி சுருள் இருக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் வால்டர் ரோகோவ்ஸ்கி 1912-ல் விளக்கிய இந்தச் சுருளுக்குள் இரும்பு கிடையாது. அதனால் பல்லாயிரம் ஆம்பியர் பாய்ந்தாலும் அளவு பிசகாது. யூனிட் இயங்கத் தேவையான சக்தியை இன்னொரு இரும்புச் சுருள் அதே கரண்ட்டிலிருந்து எடுத்துத் தருகிறது. வெளியிலிருந்து சப்ளை இல்லாவிட்டாலும் பாதுகாப்பு வேலை செய்வது இதனால்தான்.

அடுத்தது செட்டிங். நம் ஊரில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் 433 வோல்ட் பக்கம் முழு லோடு சுமார் 667 ஆம்பியர். அங்கே 800 ஆம்பியர் பிரேக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓவர்லோடு டயலை 0.8-ல் வைத்தால் அளவு 640 ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்பு. வந்தபடியே 1-ல் விட்டுவிட்டால்? ஐஇசி என்ற சர்வதேச மின்துறை அமைப்பின் தரவிதிப்படி செட்டிங்கின் 1.05 மடங்கு வரை பிரேக்கர் டிரிப் ஆகக் கூடாது. அதாவது 840 ஆம்பியர் வரை அது சும்மா இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் கால் பங்கு கூடுதல் சுமையில் நாள் முழுக்க வெந்துகொண்டிருக்கும்.

ஓவர்லோடில் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. கேபிளில் உண்டாகும் வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. செட்டிங்கைப் போல ஆறு மடங்கு கரண்ட்டில் 12 விநாடி என்று வைத்தால், மூன்று மடங்கில் 48 விநாடி, ஒன்றரை மடங்கில் 192 விநாடி. பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில விநாடிகள் ஐந்தாறு மடங்கு இழுத்தாலும் பிரேக்கர் விழாமல் நிற்பது இந்தக் கணக்கால்தான். டிரிப் ஆன பிறகும் கேபிள் சூடாகவே இருக்கும் என்று யூனிட் நினைவில் வைத்திருக்கும். உடனே ஆன் போட்டு மறுபடி ஓவர்லோடு வந்தால், இந்தத் தடவை முன்னதாகவே விழும். பிரேக்கர் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை.

ஷார்ட் சர்க்யூட்டில் மெயின் பிரேக்கர் 0.1 முதல் 0.4 விநாடி வரை வேண்டுமென்றே காத்திருக்கலாம். பழுதான லைனின் சின்ன பிரேக்கர் அதற்குள் விழுந்துவிட்டால் ஆலை முழுக்க இருட்டாகாது. எர்த் ஃபால்ட்டுக்கு, மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் கரண்ட்டை யூனிட் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிறது. பூஜ்யம் வராவிட்டால் எங்கோ பூமிக்குக் கசிகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு விழும் அளவே நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரை போகும். ஈரத் தரையில் நிற்கும் தொழிலாளியை இது காப்பாற்றாது. அதற்கு 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி என்ற கசிவு பிரேக்கர் தனியாக வேண்டும்.

சரி, பிரேக்கர் தன் உடம்பைப் பற்றி என்ன சொல்லும்? ஒவ்வொரு முறை திறக்கும்போதும், மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் காண்டாக்ட்டுகளுக்கு நடுவே தீப்பொறி எழுந்து உலோகம் கொஞ்சம் கரைகிறது. சாதாரண லோடில் துளிதான் கரையும், ஷார்ட் சர்க்யூட்டில் நிறையப் போகும். எத்தனை ஆம்பியரைத் துண்டித்தோம் என்பதை வைத்து நல்ல யூனிட்டுகள் தேய்மானத்தைச் சதவீதத்தில் சொல்கின்றன. எத்தனை முறை திறந்து மூடியது, எவ்வளவு நேரம் முழு லோடை நெருங்கி ஓடியது என்பதும் கிடைக்கும். சில மாடல்கள் திறக்க எடுத்த நேரத்தையும் அளக்கின்றன. சீசன் முடிந்து மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் பிரேக்கரில் கிரீஸ் இறுகி வேகம் குறையும் என்பதால், நம் ஆலைகளுக்கு மிகவும் பயன்படுவது இந்த அளவுதான் என்பேன்.

தேய்மானச் சதவீதம் ஒரு மதிப்பீடுதான். அது ஏறியதும், தீப்பொறியை அணைக்கும் ‘ஆர்க் ஷூட்’ பெட்டியைக் கழற்றிக் காண்டாக்ட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். பேனலுக்குள் மின்சாரம் பாயும் உலோகப் பட்டையான பஸ்பாரில் ஒரு போல்ட் தளர்ந்து சூடேறினால் பெரும்பாலான டிரிப் யூனிட்டுகளுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட்டின் அளவு மாறுவதில்லை. அதற்கு லோடு ஓடும்போதே தெர்மல் கேமராவில் பார்க்க வேண்டும், அல்லது முனைகளில் தனி வெப்பநிலை சென்சார் பொருத்த வேண்டும்.