ஹைடுக்குக் கலெக்டர் கிடையாது

போன வாரம் ஓர் ஆவணப்படம் பார்த்தேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோரம், புயல், நண்டுப் படகுகள் என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கீழே தமிழ் வரிகள். திடீரென்று ஒரு வரி: "ஹைடு மாவட்டத்தின் இருக்கை ஸ்வான் குவாட்டர்." ஆங்கிலத்தில் 'கவுன்ட்டி சீட்' என்பதைத்தான் இப்படி ஆக்கியிருந்தார்கள். குவாட்டர் என்ற சொல் நம் ஊர்க்காரர் காதில் எப்படி விழும் என்பது வேறு கதை. எனக்குத் தொண்டையில் மாட்டியது இருக்கை. அப்புறம் மாவட்டம்.

இருக்கையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சங்கத் தமிழில் இருக்கை என்றால் உறைவிடம் என்ற பொருளும் உண்டு என்று யாராவது சண்டைக்கு வரலாம். உண்டுதான். ஆனால் வரி எழுதியவர் மனத்தில் நாற்காலிதான் இருந்தது என்று சத்தியம் செய்வேன். நிர்வாகம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அந்த ஊர், அவ்வளவுதான் விஷயம். தலைமையிடம் என்றாலே போதும். ஸ்வான் குவாட்டர் மாதிரி சிற்றூருக்குத் தலையூர் என்பது இன்னும் பொருத்தம்.

மாவட்டம் அவ்வளவு லேசில் விடாது. அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவுக்குப் பெயர் கவுன்ட்டி. அந்தச் சொல்லைக் கண்டதும் மாவட்டம் என்று எழுதிவிடுவது அனிச்சையாகிவிட்டது. செய்தி, நாவல் மொழிபெயர்ப்பு, பாடநூல், எங்கே பார்த்தாலும் இதுதான்.

வேர்க்கதை சின்னது. லத்தீனில் 'கோமெஸ்' என்றால் கூட வருபவன். அரசன் கூடவே போய் வந்தவன் நாளடைவில் பெரிய பதவிக்காரன் ஆனான். அவனுடைய பதவியும் அதிகாரமும் 'கோமிடாட்டஸ்' ஆயின. அது பிரெஞ்சில் தேய்ந்து, 1066க்குப் பின் நார்மானியரோடு கடல் தாண்டி, இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த 'ஷையர்' என்ற பிரிவின் மேல் ஒட்டிக்கொண்டது. ஷையரின் காரியஸ்தன் 'ரீவ்'. ஷையர்-ரீவ் என்பதே தேய்ந்து ஷெரிஃப். எண்ணிக்கையைக் குறிக்கும் கவுன்ட் வேறு வேர், அதைக் கொண்டுவந்து இங்கே கட்ட வேண்டாம். இன்னொரு வேடிக்கை: இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பிரபு யாரையும் கவுன்ட் என்று அழைக்கவில்லை, ஏர்ல் என்றார்கள். ஆனால் ஏர்லின் மனைவி கவுன்டஸ்!

மாவட்டத்துக்கு நிகரான டிஸ்ட்ரிக்டின் வேர் வேறு குணம். இறுக்கிப் பிடித்தல், கட்டுப்படுத்துதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒருவனுடைய பிடி செல்லுபடியாகும் பரப்பு. ஜில்லா என்று தாத்தாக்கள் சொன்னது அரபு வழி வந்த சொல், அங்கே அதற்கு விலா, பக்கம் என்று பொருள். ஜில்லாவை விட்டு மாவட்டத்துக்கு வந்தோம். மா, வட்டம். வட்டம் என்றால் தாலுகா. பல வட்டங்கள் சேர்ந்த பெரிய வட்டம் மாவட்டம். நல்ல ஆக்கம், எனக்கு அதில் குறையே இல்லை. நம் நிர்வாகத்துக்கு அளந்து தைத்த சட்டை. அந்தச் சட்டையை ஹைடுக்குப் போடுவதில்தான் சண்டை.

போட்டுத்தான் பார்ப்போமே. ஹைடு அட்லாண்டிக் ஓரத்தில் கிடக்கும் தாழ்ந்த சதுப்பு நிலம். மொத்தப் பரப்பில் பாதிக்கு மேல் தண்ணீர். நிலம் மட்டும் ஏறக்குறைய 1,600 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 4,589 பேர். சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர்கூடத் தேறாது. 1900இல் ஒன்பதாயிரத்துக்கு மேல் இருந்தவர்கள், நூற்றாண்டு முழுக்கக் கரைந்து பாதியானார்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி 7.2 கோடிப் பேர். இன்றுள்ள 38 மாவட்டங்களுக்கு அதைப் பங்கிட்டால் ஒன்றுக்குப் பத்தொன்பது லட்சம் வரும். ஹைடு முழுவதையும் நம் ஊராட்சி ஒன்றில் அடக்கிவிடலாம். மாவட்டம் என்று படிக்கும் வாசகனுக்கு எந்தப் படம் மனத்தில் எழும்? கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை மனு, பேருந்து நிலையம். ஹைடில் நகராட்சியோ பேரூராட்சியோ ஒன்றுகூடக் கிடையாது. ஸ்வான் குவாட்டரும் எங்கல்ஹார்டும் சட்டத்தின் கண்ணில் வெறும் குடியிருப்புகள். எனவே அந்த 4,589 பேருக்கும் ஊராட்சி, நகராட்சி, தாலுகா எல்லாமே கவுன்ட்டிதான்.

எண்ணிக்கையை வைத்து மட்டும் பேசினால் என்னை மடக்கிவிடலாம். லாஸ் ஏஞ்சலஸும் கவுன்ட்டிதான், அங்கே ஒரு கோடிப் பேர். சரி. அளவை விட்டுவிடுவோம், அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் மாவட்டத்தின் முகம் ஆட்சியர். மேலிருந்து அனுப்பப்படுகிறவர், மூன்று வருடத்தில் மாற்றலாகிறவர். ஹைடில் அப்படி ஓர் ஆள் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர் குழு சொத்துவரியை நிர்ணயிக்கிறது, பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குகிறது. அன்றாட வேலைக்கு ஒரு மேலாளர் உண்டு. அவரை நியமிப்பதும் அந்தக் குழுதான். ஷெரிஃபும் தேர்தலில் நின்று ஜெயித்தவர். பத்திரப் பதிவாளர்கூட ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டும். நம் சார்பதிவாளர் அப்படி வருவதாக நினைத்துப் பாருங்கள்.

இதற்கு ஹைடின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1968இல் கறுப்பின, வெள்ளையினப் பள்ளிகளை இணைக்கிறோம் என்று சொல்லி, கறுப்பின மக்கள் பாடுபட்டு வளர்த்த இரண்டு பள்ளிகளை மூடத் திட்டம் வந்தது. இணைப்பை அவர்கள் எதிர்க்கவில்லை, தங்கள் பள்ளிகள் மட்டும் பலியாவதை எதிர்த்தார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்கப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகவில்லை. மாநிலத் தலைநகர் ராலேவரை நடந்து போனார்கள். கடைசியில் 1969 நவம்பரில், அந்த இரண்டையும் மூடினால் தேவைப்படும் பள்ளிக் கட்டடங்களுக்கான கடன்பத்திரம் பற்றிக் கவுன்ட்டி முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டு பள்ளிகளும் தப்பின. இதை 'மாவட்டம் முழுக்க வாக்கெடுப்பு' என்று எழுதினால், நம் வாசகன் குழம்பிப்போவான். மாவட்டம் கடன் வாங்குவதற்கு நம்மிடம் யார் ஓட்டுக் கேட்டார்கள்?

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒரு காலத்தில் நமக்கும் ஜில்லா போர்டு இருந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதன் கையில் இருந்தன. பழைய ஜில்லா போர்டு உயிரோடு இருந்திருந்தால் மாவட்டம் என்ற சொல்லுக்கும் கொஞ்சம் கவுன்ட்டி வாடை ஏறியிருக்கும். அது 1950களின் இறுதியில் போய்விட்டது. இன்று மாவட்ட ஊராட்சித் தலைவர் பெயர் கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? அதேபோல, கவுன்ட்டியும் சட்டப்படி மாநிலம் பெற்ற பிள்ளைதான், சுயம்பு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளைக்குத் தனிச் சமையல் உண்டு.

இத்தனைக்கும் மேலே ஒரு நடைமுறைச் சிக்கல். அதே அமெரிக்காவில் டிஸ்ட்ரிக்டும் இருக்கிறதே! பள்ளி டிஸ்ட்ரிக்ட், நீதிமன்ற டிஸ்ட்ரிக்ட், தலைநகர் வாஷிங்டனே கொலம்பியா டிஸ்ட்ரிக்ட். எல்லாவற்றையும் மாவட்டம் என்று கொட்டினால் எது எதற்குள் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கென்யாவைப் பாருங்கள். அவர்களுடைய 2010 அரசியலமைப்பு பழைய மாகாணங்களை நீக்கி 47 கவுன்ட்டிகளை அமைத்தது; 1992இல் இருந்த மாவட்டங்களின் எல்லையே கவுன்ட்டிகளின் எல்லை. நம் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்தால் இது என்ன ஆகும்? "47 மாவட்டங்கள் 47 மாவட்டங்களாக மாற்றப்பட்டன." அந்த நாடு ஒரு பெரிய அதிகாரப் பங்கீட்டைச் செய்திருக்கிறது, தமிழில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஹைடின் பிறப்புக்கும் இதே கதிதான். 1705இல் பாத் கவுன்ட்டியின் உட்பிரிவாக விக்கம் பிரிந்தது. 1712இல் ஆளுநர் எட்வர்டு ஹைடின் பெயர் அதற்கு வந்தது. மனிதர் அதே ஆண்டு மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். 1739இல் பாத் என்ற பெரிய கவுன்ட்டி ஒழிய, உட்பிரிவுகளே கவுன்ட்டிகளாயின. மேலே இருந்தது போய்க் கீழே இருந்தது மேலே வந்த கதை. மேலுக்கும் கீழுக்கும் ஒரே சொல் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வீர்கள்?

சரி, மாவட்டம் வேண்டாம் என்றால் வேறு என்ன? தனித்தமிழ் அன்பர்கள் சிலர் கோட்டம் என்கிறார்கள். தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்கள் இருக்கவே இருக்கின்றன. உத்தரமேரூர்க் கல்வெட்டே தன் ஊரைக் காலியூர்க் கோட்டத்தில் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறது. குடவோலை போட்ட ஊர், தேர்தல் வாசனையும் இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டம் இன்று காலியாக இல்லை. வருவாய்க் கோட்டம், அஞ்சல் கோட்டம், ரயிலுக்கு மதுரைக் கோட்டம். கோட்டாட்சியர் என்றால் ஆர்.டி.ஓ. மாவட்டத்தைவிடச் சின்ன கலெக்டரிடம் போய் விழுகிறோம், வேறொன்றுமில்லை. நாடு என்ற சொல் இன்னும் பொருத்தம். நாட்டார் என்ற சபையே சோழர் காலத்தில் இருந்தது. ஆனால் ஹைடு நாடு என்றால் ஐ.நா.வில் கொடி தேடுவார்கள்.

என் ஓட்டு கூற்றத்துக்கு. மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்று பழைய சொல். சோழ நாட்டில் நாட்டுக்கு இணையான படியில் நின்ற பிரிவு. கூறு, பங்கு என்பது வேர். இன்றைக்கு எந்தத் துறையும் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. உடனே ஒருவர் கேட்பார்: கூற்றம் என்றால் எமன் இல்லையா, குறளிலேயே 'கூற்றம் குதித்தலும் கைகூடும்' என்று வருகிறதே? வருகிறது. வேறு இடத்துக்கு இந்தத் தடை பெரிதாக இருக்கலாம். ஹைடுக்கு எனக்கு அவ்வளவு தயக்கமில்லை. அந்தக் கடலோரத்துக்கே அட்லாண்டிக்கின் இடுகாடு என்றுதான் பட்டப்பெயர், அவ்வளவு கப்பல்கள் அங்கே மூழ்கியிருக்கின்றன. பிளாக்பியர்ட் என்ற கருந்தாடிக் கடற்கொள்ளையனை 1718 நவம்பரில் கொன்றதும் ஹைடைச் சேர்ந்த ஓக்ரகோக் தீவின் அருகில்தான். (அன்று அந்தத் தீவு ஹைடில் இல்லை, 1845இல்தான் கார்ட்டரெட் கவுன்ட்டியிலிருந்து பிரித்துச் சேர்த்தார்கள். இன்றும் தலையூரிலிருந்து அங்கே போக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் படகில் உட்கார வேண்டும்.)

கூற்றம் பிடிக்காதவர்கள் கவுன்ட்டி என்றே எழுதட்டும். நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. கடன்சொல், தெரிந்தே வாங்கிய கடன். வாசகன் 'இது நம் ஊரில் இல்லாத ஏற்பாடு போல' என்று ஒரு கணம் நிற்பான். மாவட்டம் அந்தக் கணத்தையும் பறித்துவிடுகிறது. தூய தமிழ்ச் சொல் ஒன்று தப்பான பொருளைச் சொல்வதைவிட, தமிழெழுத்தில் வந்த அந்நியச் சொல் சரியாகக் குழப்புவது மேல். லூசியானாவில் கவுன்ட்டி கிடையாது, அங்கே 'பாரிஷ்'. நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்று அழகாகச் சொல்லும் அதே சொல். அதையும் மாவட்டமாக்கிவிட்டார்கள். ஷெரிஃபை எஸ்.பி. ஆக்குகிறார்கள். வேகமாக ஓடும் வரிகளுக்குக் குறைந்த கூலிதான் கிடைக்கிறது என்று தெரியும். அகராதியில் முதல் வரியோடு எழுந்துவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது.

அந்தப் படத்தில் மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. ஏறக்குறைய 40,000 ஏக்கர் விரிந்தும் பெரும்பாலும் இடுப்பளவைத் தாண்டாத மட்டமஸ்கீட் ஏரியைக் காட்டினார்கள். அதை இறைத்து வயலாக்கப் பார்த்துத் தோற்று, 1934இல் பறவைகளுக்கு விட்டுக்கொடுத்த கதையும் வந்தது. முடிவில் ஓக்ரகோக்கில் இருக்கும் நான்கு பிரிட்டிஷ் மாலுமிகளின் கல்லறை. 1942 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்த கப்பலின் ஆட்கள். கப்பலின் பெயர் பெட்ஃபோர்டுஷையர், இங்கிலாந்தின் ஒரு கவுன்ட்டி. அதை மட்டும் மாவட்டம் ஆக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள்.