முடிக்கு ஏது முகம்? ‘ஹேர் மாஸ்க்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

“உலர்ந்த, சேதமடைந்த முடிக்கு: முடி முகமூடியை அணிந்து பத்து நிமிடம் நிற்க விடவும். பிறகு துவைக்கவும்.”

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் பெண்களுக்காக நடந்த கூந்தல் பராமரிப்பு வகுப்பு ஒன்றில் கொடுத்த தாளில் இருந்த வரிகள் இவை. ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் தமிழ். தமிழிலும் தர வேண்டும் என்று நினைத்தது நல்ல மனசு. ஆனால் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் என் பெரியம்மா, அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே இரண்டு தடவை படித்துவிட்டு, “கொரோனா சமயத்தில் போட்டோமே, அதுவா? அதைத் தலையில் எப்படி மாட்டுவது?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தத் தமிழ் அவருக்கு வேறெதையும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பிரெஞ்சுப் பக்கத்தைப் படித்துத்தான், இது முடியில் பூசி அலசும் ‘ஹேர் மாஸ்க்’ என்று தெரிந்துகொண்டார். எனக்கு வலித்தது அந்தத் தாள் திரும்பிய இடத்தில்தான்.

‘முடி முகமூடி’யை நான் பார்ப்பது இது முதல் தடவையல்ல. எந்திர மொழிபெயர்ப்பில் வருகிறது, பொருள் விற்கும் தளங்களில் வருகிறது, இப்போது மனிதர் கையாலும் எழுதப்படுகிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

மாஸ்க் என்ற சொல் பிரெஞ்சுக்கு 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மாஸ்கெராவிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய வேர் லத்தீனா அரபா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. கண்ணிமைக்குத் தீட்டும் மஸ்காராவும் இதே குடும்பம்தான். முகத்தில் களியைப் பூசினால் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்து முகமூடி போட்டதுபோல் இருக்கும். அதனால் அந்தப் பூச்சுக்கு மாஸ்க் என்று பெயர் வந்தது. பிறகு அதேபோல் பூசி, ஊற வைத்து, கழுவும் பொருளைத் தலைமுடிக்குச் செய்தபோது பெயர் அப்படியே தலைக்கு ஏறிவிட்டது. நம் கடைகளில் மாஸ்க் காப்பிலேர் என்று எழுதியிருக்கும், வீட்டில் எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் மாஸ்க் செவே என்போம். பிரெஞ்சுச் சொல்லுக்குள் முகம் என்ற உறுப்பு இல்லை. அதனால் அது தலைக்குப் போகலாம், கைக்குப் போகலாம், காலுக்கும் போகலாம். தமிழ்ச் சொல்லில் முகம் முதலிலேயே உட்கார்ந்திருக்கிறது. முகத்தை மூடுவது முகமூடி. அதை முடிக்கு மாட்டினால் முகமும் இல்லை, மூடலும் இல்லை.

இதை நிறையப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்களில் ஒரு சாரார் உடனே எடுத்து நீட்டுவது ‘கூந்தல் கவசம்’. எனக்கு உண்மையான சண்டை இந்தச் சொல்லோடுதான். முடி முகமூடி தவறு என்று கேட்டவுடனே தெரிந்துவிடும்; கவசம் அழகாக இருப்பதால் அதன் தவறு தெரிவதில்லை.

கவசம் என்பது அடி விழுவதற்கு முன்னால் போட்டுக்கொள்வது. போருக்குப் போகுமுன் மார்பில் மாட்டியது, முருகன் கோயிலில் வினை வராமலிருக்கப் பாடுவது, மோட்டார் சைக்கிளில் ஏறுமுன் தலைக்கு மாட்டுவது. எல்லாமே காப்பு. மாஸ்க்கோ அடி விழுந்த பிறகு வருகிற பொருள். ப்ளீச் போட்டாயிற்று, லிசாஜ் என்று முடியை நேராக்கியாயிற்று, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடலில் குளித்துவிட்டு உப்போடு வெயிலில் கிடந்தாயிற்று. முடி நைந்து போயிற்று. அப்புறம்தான் இந்த டப்பாவைத் திறக்கிறோம். இதைப் போய்க் கவசம் என்றால் படிக்கிறவர் என்ன செய்வார்? கடலுக்குப் போகுமுன் பூசிக்கொள்வார். அப்படிச் செய்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இன்னொன்று, கவசத்தைக் கழற்றலாம், அலச முடியாது. தனித்தமிழ் வேண்டும் என்று வாதாடுகிறவர்களே வடமொழிக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு வருவதையும் சொல்லியாக வேண்டும். களிம்பு, குழைமம், பூச்சு என்றும் சொல்கிறார்கள். களிம்பு புண்ணுக்கு; அது தோலிலேயே இருக்கும். குழைமம் பொருளின் பதத்தை மட்டும் சொல்கிறது. பூச்சு என்றால் சுவரும் சுண்ணாம்பும்தான் நினைவுக்கு வருகின்றன.

சரி, தமிழில் சொல்லே இல்லையா? இருக்கிறது. பற்று. தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் போடுவது பற்று. வீக்கத்துக்கு மூலிகையை அரைத்துப் போடுவதும் பற்று. போடுவது, கொஞ்ச நேரம் விடுவது, கழுவுவது, மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. பேச்சில் ‘பத்து’ ஆகும், காற்று ‘காத்து’ ஆவதுபோல. பெரியம்மாவிடம் “முடிக்குப் போடும் பத்து” என்றேன். “சுக்குப் பத்து மாதிரியா? அப்படிச் சொல்ல வேண்டியதுதானே” என்றார்.

பொருள் வேலை செய்யும் விதத்துக்கும் பற்று கச்சிதமாகப் பொருந்துகிறது. முடி, கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரில்லாத இழை. அதன் மேல் கூரை ஓடு அடுக்கியதுபோல் செதில்கள். ப்ளீச்சும் சூடும் வெயிலும் பட்டால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், மேலிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் போய்விடும், அந்த இடங்களில் எதிர்மின்னேற்றம் கூடும். மாஸ்க்கில் இருக்கும் பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு போன்ற பொருள்களுக்கு நேர்மின்னேற்றம். ஆகவே எங்கே அதிகம் நைந்திருக்கிறதோ அங்கே அதிகம் பற்றுகின்றன. அலசிய பின்னும் ஒரு மெல்லிய படலம் மிஞ்சுகிறது. அடுத்தடுத்துத் தலைக்குக் குளிக்கும்போது அதுவும் போய்விடும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. பிளந்த நுனியை இது ஒட்ட வைக்காது; அதைக் கத்தரிக்கத்தான் வேண்டும்.

‘பற்று’ கணக்கிலும் வருகிறதே, ஆசை என்ற பொருளும் உண்டே என்பார்கள். வரட்டும். பற்று வரவுப் புத்தகத்தைப் பார்த்து யாரும் தலையில் பூசிக்கொள்ளப் போவதில்லை.

அலசி எடுப்பதற்கு ‘அலசுபற்று’ என்று எழுதுங்கள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, நடுவில் ப் வராது. கழுவாமல் விடுவதற்கு, டப்பாவில் சான் ரேன்சாஜ் என்று இருக்குமே, அதற்கு ‘அலசாப்பற்று’. இங்கே ப் வரும், ஓடாக் குதிரையில் க் வருவதுபோல.

அந்தத் தாளில் மற்ற சொற்களும் அப்படித்தான் கிடந்தன. உலர்ந்த முடி என்றால் குளித்துவிட்டுக் காய்ந்த முடி. இயல்பிலேயே ஈரப்பசை குறைந்தது வறண்ட முடி. வித்தியாசம் சின்னதல்ல: ‘உலர்ந்த முடிக்கு’ என்று படிப்பவர் காய்ந்த தலையில் பூசிவிடுவார், இதைப் போட வேண்டியதோ ஷாம்பு போட்டுக் கழுவிய ஈர முடியில். சேதமடைவது வீடும் பயிரும். முடி நையும், பழைய புடவை நைவதுபோல. துவைப்பது துணியை. நிற்க விடுவது பஸ்ஸை. பிரெஞ்சில் லெஸ்ஸே போஸே என்று இருந்ததற்குத் தமிழ் ‘ஊற விடவும்’ என்பதுதான். வெந்தயத்தை அரைத்துத் தலையில் தேய்த்து ஊற வைத்த எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். ஆனால் மொழிபெயர்ப்பவர் பாட்டியிடம் கேட்பதில்லை, அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்.

எங்கள் ரூபாய்த் தாளில் தமிழ் இருக்கிறது. 1998இல் தமிழுக்கு மேலே இந்தியை ஏற்றி அச்சிட்டபோது மொரிசியஸ் தமிழர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. எழுத்து எந்த வரிசையில் நிற்கிறது என்பதற்கு அவ்வளவு கவலைப்பட்ட நாம், அந்த எழுத்தால் எழுதியது வாசிப்பவருக்குப் புரிகிறதா என்பதற்கும் அதே அளவு கவலைப்பட வேண்டாமா?

வகுப்பு நடத்தியவரிடம் நான் எழுதிக் கொடுத்தது இது:

“வறண்ட, நைந்த முடிக்கு அலசுபற்று. தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றி ஈரத்தைக் குறையுங்கள். பற்றை நடுமுடியிலிருந்து நுனி வரை தடவி, அகலப் பல் சீப்பால் வாருங்கள். மண்டையில் தேய்க்க வேண்டாம். டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், ஊற விட்டு நன்றாக அலசுங்கள். இரவு முழுக்க வைப்பதால் கூடுதல் பலன் இல்லை. வாரம் ஒரு முறை போதும். மெல்லிய முடிக்கு இலேசானதையும், அடர்ந்த சுருட்டை முடிக்கு ஷியா போன்ற தாவர வெண்ணெய் மிகுந்ததையும் வாங்குங்கள். புரதம் சேர்த்ததை அடிக்கடி போட்டு முடி விறைப்பாகிவிட்டால் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.”

அவர் படித்துவிட்டு, ‘நைந்த’ என்பதை மட்டும் தன் அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.