அணிப்பெருக்கல்: அணி, நிரை, நிரல் இந்த மூணு சொல்லையும் புரிஞ்சுக்கிட்டா போதும்

அணிய இங்கிலீஷ்ல மேட்ரிக்ஸ்னு சொல்வாங்க, அது லத்தீன் சொல். மாட்டர்னா அம்மா, அதுல இருந்து வந்த மேட்ரிக்ஸுக்கு கருப்பைன்னு அர்த்தம். 1850ல ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர்தான் செவ்வகமா அடுக்குன எண்களுக்கு இந்தப் பேர வெச்சாரு, ஏன்னா அந்த அடுக்குல இருந்து சில வரிசைய மட்டும் பிரிச்செடுத்து விதவிதமா டிட்டர்மினன்ட் (சதுரமா அடுக்குன எண்கள வெச்சுக் கணக்குப் போட்டு எடுக்குற ஒரே ஒரு எண்) உண்டாக்கலாம், அதெல்லாத்தையும் பெத்தெடுக்குற வயிறா அவரு அத பார்த்தாரு.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்ல இதுக்குப் பேரு தாயம், கேட்டதுமே தாய் ஞாபகம் வருதுல்ல, அழகான சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்ல அணி. அணிவகுப்புல வர்ற அதே அணிதான். பெருக்கல் கத்துக்க எனக்கு அணிதான் பிடிக்கும், ஏன்னா அங்க எந்த எண் எந்த இடத்துல நிக்குதுங்கிறதுதான் முக்கியம்.

பாதிப் பேரு குழம்புறது நிரை, நிரல்லதான். நிகழ்ச்சி நிரல நெனச்சுக்கோங்க, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இறங்கும்ல, அதான் நிரல். நிரை படுக்கை வாக்குல போறது.

இப்ப ஏ அணியில மேல் நிரை 2, 1, கீழ் நிரை 0, 3. பி அணியில மேல் நிரை 4, 1, கீழ் நிரை 5, 2. ஏ-யோட மேல் நிரைய எடுத்து பி-யோட முதல் நிரல் மேல வைங்க, 2×4 + 1×5 = 13, விடையில மேல இடது மூலைக்கு இதான். அதே நிரைய ரெண்டாவது நிரலோட வெச்சா 2×1 + 1×2 = 4. கீழ் நிரைக்கும் இதே மாதிரி செஞ்சா 15, 6. ரெண்டு அணியிலயும் ஒரே இடத்துல இருக்குற எண்கள மட்டும் பெருக்கிடாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அதுதான்.

இதனாலதான் முதல் அணியோட நிரல் எண்ணிக்கையும் ரெண்டாவதோட நிரை எண்ணிக்கையும் சமமா இருக்கணும்னு சொல்றாங்க, இல்லன்னா ஜோடி சேராம எண் மிஞ்சும். 2×3 அணிய, அதாவது ரெண்டு நிரை மூணு நிரல் உள்ள அணிய, 3×4 அணியால பெருக்கலாம், 2×4 கிடைக்கும், திருப்பிப் போட்டா பெருக்கவே முடியாது.

ஏன் இப்படி சுத்தி வளைச்சு பெருக்கணும்? ஆர்தர் கெய்லி 1858ல இந்த முறைய எழுதுனப்போ அவரு மனசுல இருந்தது சமன்பாடு, ஒரு நேரியல் மாற்றத்தோட (x, y மாதிரி மாறிகள எண்களால பெருக்கிக் கூட்டிப் புது மாறிகளா மாத்துறது) விடைய இன்னொண்ணுக்குள்ள போட்டா கெழு, அதாவது மாறியப் பெருக்குற எண்கள், எல்லாம் தானா இப்படித்தான் கூடி வருது. எத முதல்ல செய்றோம்ங்கிறதப் பொறுத்து விடை மாறும், மேல உள்ளதையே பி முதல்ல ஏ அடுத்துன்னு பெருக்கிப் பாருங்க, 8, 7, 10, 11 வரும்.