யூரோவைக் கேட்டால் ¼ வருவது ஏன்?

விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி, வலப்பக்க எண்பலகையில் 156 என்று தட்டிவிட்டுக் கையை எடுத்தால் பவுண்டுக் குறி £ வரும். 0163 என்று தட்டினாலும் அதே £தான் வரும். யூரோவுக்கு 0128. ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து 8364 என்று தட்டினால் வேர்டில் € ஒழுங்காக வந்துவிடும். பழைய நோட்பேடிலோ ¼ வந்து நிற்கும். ஒரே குறிக்கு ஏன் இத்தனை எண்கள்? யூரோ எப்படிக் காலாகிப் போகிறது?

விசைப்பலகையைத் திட்டிப் பயனில்லை. அதற்கு எழுத்தும் தெரியாது, குறியும் தெரியாது. விசைகளுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு மின்கட்டம் ஓடுகிறது. உள்ளே இருக்கும் சிறு சில்லு அதை ஓயாமல் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறதோ அந்த இடத்தின் எண்ணை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. யுஎஸ்பி விசைப்பலகைகளில், எழுத்துகளின் மேல்வரிசையில் முதலில் இருக்கும் விசைக்கு எண் 20. அதன்மீது கியூ என்று அச்சடித்திருக்கலாம், பிரெஞ்சுப் பலகையில் ஏ என்று அச்சடித்திருக்கலாம். போவது என்னவோ 20தான். அதை எழுத்தாக மாற்றுவது இயக்குதளத்தில் நாம் தேர்ந்தெடுத்திருக்கும் விசையமைப்பு. தமிழ் 99 இருந்தால் அதே 20, ‘ஆ’ ஆகிவிடும். விசைமேல் இருப்பது வெறும் மை.

மேல்வரிசை எண் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அமைப்பில் ஷிஃப்ட்டோடு சேர்ந்தால் $. பிரிட்டிஷ் அமைப்பில் வலப்பக்கத்து ஆல்ட்ஜிஆர் விசையோடு சேர்ந்தால் €. விண்டோஸின் இந்திய ஆங்கில அமைப்பில் அதே கூட்டணி ₹ தரும். ஜெர்மன் அமைப்பில் யூரோவுக்கு ஆல்ட்ஜிஆரோடு இ. விண்டோஸ் இந்த ஆல்ட்ஜிஆரை கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுத்தப்பட்டதாகவே கணக்கில் கொள்கிறது. ஆகவே ஏதாவது ஒரு செயலி அந்தக் கூட்டைத் தன் குறுக்குவழியாக வைத்துக்கொண்டால், அங்கே மட்டும் குறி வராது. விசை பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

இனி அட்டவணைகளுக்கு வருவோம். கணினிக்குள் ஒவ்வொரு குறியும் ஓர் எண். 1963-இல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி அட்டவணையில் இருந்தவை மொத்தம் 128 இடங்கள். அவற்றில் பணத்துக்கு ஒதுக்கியது ஒரே இடம், 36. அதில் உட்கார்ந்தது டாலர். உலகத்தின் எந்த மூலையில் விற்கும் விசைப்பலகையிலும் $ இருப்பதற்கு அந்த ஓர் இடம் பெரிய காரணம். மற்ற நாடுகள் தங்களுக்குத் தேவைப்படாத இடங்களைப் பிடுங்கிக்கொண்டன. பிரிட்டன் 35-இல் இருந்த #-ஐ நீக்கிவிட்டு £ வைத்தது. ஜப்பான் 92-இல் இருந்த பின்சாய்கோட்டை எடுத்துவிட்டு ¥ வைத்தது. பின்னாளில் கோப்புறைகளின் பெயர்களைப் பிரிக்க மைக்ரோசாஃப்ட் பயன்படுத்தியது அதே 92-ஐ. விளைவு, ஜப்பானிய எழுத்துருக்களில் கோப்பு முகவரி முழுக்க யென் குறிகள் இன்றும் வரிசை கட்டி நிற்கின்றன. டாலருக்கே இடம் கொடுப்பானேன் என்று, பன்னாட்டுத் தரத்தில் 36-ஆம் இடத்துக்கு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ¤ என்ற பொதுக்குறியைக் கொண்டுவந்தும் பார்த்தார்கள். 1991-இல் டாலரே திரும்பி வந்தது. எவரும் கேட்காத குறியை எவரும் தட்டப்போவதில்லை.

ஆல்ட் வித்தையின் வேர் 1981-இல் வந்த ஐபிஎம் பிசி. அதன் அட்டவணையில் 256 இடங்கள், £-க்கு 156. ஆல்ட்டைப் பிடித்தபடி எண்ணைத் தட்டும்போது, கணினி ஏற்கெனவே வைத்திருக்கும் தொகையைப் பத்தால் பெருக்கிப் புதிய இலக்கத்தைக் கூட்டும்: 1, பிறகு 15, பிறகு 156. ஆல்ட்டை விட்டதும் அந்த எண்ணுக்குரிய குறி திரையில் விழும். பின்னால் வந்த விண்டோஸ் வேறோர் அட்டவணையை வைத்துக்கொண்டது. அதில் £-க்கு 163. பழகிய விரல்களை ஏமாற்ற மனமில்லாமல் பழைய எண்களையும் விட்டுவைத்தார்கள். முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் புதிய அட்டவணை, போடாவிட்டால் பழையது. அந்தப் பூஜ்யத்துக்கு இதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

பழைய ஏற்பாட்டில் அந்தத் தொகையைச் சேர்த்து வைக்கக் கொடுத்த இடம் ஒரே ஒரு பைட். அதில் 255-க்கு மேல் நிற்காது. வண்டியின் கிலோமீட்டர் காட்டி உச்சத்தைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல், 255-ஐத் தாண்டியதும் மீண்டும் முதலிலிருந்து எண்ணும். 8364-இலிருந்து 256-ஐ 32 முறை கழித்துப் பாருங்கள், மீதி 172. பழைய அட்டவணையில் 172-ஆம் இடத்தில் இருப்பது ¼. ரூபாய்க்கு 8377 தட்டினால் மீதி 185. அங்கே ╣ என்று கட்டம் வரையும் கோடு இருக்கிறது. வேர்ட் முழு எண்ணையும் அப்படியே யூனிகோட் எண்ணாக, அதாவது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான அட்டவணையின் எண்ணாக, எடுத்துக்கொள்வதால் தப்பிக்கிறது.

யூனிகோடில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஒவ்வொரு குறிக்கும் தனி எண். பணக்குறிகளுக்கென்றே 8352-இல் தொடங்கும் ஒரு தொகுதி உண்டு. யூரோ 1998-இல் அதில் சேர்ந்தது. இந்தியா 2010 ஜூலையில் ஏற்ற ₹ அதே ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. பிட்காயினின் ₿ வந்தது 2017-இல்.

தட்டுவதற்கு எளிய வழிகளும் இருக்கின்றன. மேக்கில், அமெரிக்க அமைப்பில், ஆப்ஷன், ஷிஃப்ட், 2 சேர்ந்தால் €. ஆப்ஷனும் 3-ம் £. லினக்ஸில் எனக்குப் பிடித்தது கம்போஸ் விசை. அதைத் தட்டிவிட்டு எல், பிறகு சிறுகோடு தட்டினால் £. ஒய், பிறகு சமக்குறி தட்டினால் ¥. குறியைக் கையால் வரையும் முறையிலேயே தட்டுவதால் எண் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எண்பலகை இல்லாத மடிக்கணினியில் விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும் சேர்ந்து ஒரு குறிப்பலகையைத் திறக்கும். கைபேசியில் $-ஐச் சற்று நேரம் அழுத்தினால் மற்றவை எட்டிப்பார்க்கும்.

தட்டிய குறி போய்ச் சேரும் இடத்திலும் சிக்கல் வரலாம். அதில் இரண்டு வகை. யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக மாற்றி அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் € மூன்று பைட்டுகளாகப் பயணிக்கிறது: 226, 130, 172. பெறும் மென்பொருள் அதைப் பழைய விண்டோஸ் அட்டவணையை வைத்துப் படித்தால், ஒரு யூரோவுக்குப் பதிலாக மூன்று குறிகள் வரும்: தலையில் கூரை போட்ட ஏ, அடியில் ஒரு காற்புள்ளி, பிறகு மடங்கிய கோடு ஒன்று. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்ததும் இந்த வகையறாதான். எண் ஒன்று, படித்த அட்டவணை வேறு. குறிக்குப் பதிலாக வெறும் சதுரம் மட்டும் தெரிந்தால் கதை வேறு. எண் பத்திரமாக வந்துவிட்டது, அதை வரைய எழுத்துருவில் படம் இல்லை. அழித்துவிட்டுத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை. எழுத்துருவை மாற்றினால் போதும்.