மேகம் விலகும்போது மேலே செயற்கைக்கோள் இருக்க வேண்டும்

பினாங்கில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும், மதியத்துக்குள் கொம்தார் கோபுரத்தின் மேல் கருமேகம் கூடிவிடும். வானிலிருந்து நம் நாட்டைப் படம் பிடிப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இந்த மேகம்தான்.

பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. கீழே பூமி சுழல்வதால் உலகம் முழுவதும் அவற்றின் பார்வைக்கு வந்துவிடும். ஆனால் ஒரே இடத்துக்குத் திரும்பி வர நாளாகும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒன்றுக்கு 16 நாள். அதுவும் எப்போதும் காலை 10 மணியை ஒட்டியே வரும். அன்று மேகம் மூடியிருந்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மலேசியா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2009 ஜூலையில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 ராக்கெட்டில் ஏறிய நம் ரசாக்சாட் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை சாய்வில், 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 98 நிமிடம் என்றால் ஒரு நாளில் 14 சுற்றுக்கு மேல். அதே திசையில் பூமியும் ஒரு முறை சுழன்றுவிடுகிறது. அதைக் கழித்தாலும் நம் தலைக்கு மேலாக நாளுக்கு 13 தடவையாவது கடந்து போகும். கோலாலம்பூர் 3 பாகை வடக்கில், பினாங்கு 5 பாகையில். இரண்டுமே நிலநடுக்கோட்டை ஒட்டி அது சுற்றும் 9 பாகைப் பட்டைக்குள் அடங்கும். இரவுச் சுற்றுகளை விட்டாலும், மேகம் விலகும் நேரத்தில் படமெடுக்கப் பகலில் ஆறேழு வாய்ப்பு மிஞ்சும். வெள்ளமோ புகைமூட்டமோ வரும்போது இது எவ்வளவு பெரிய உதவி!

அந்த 9 பாகைக்கும் காரணம் உண்டு. ராக்கெட் கிளம்பிய, பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒமெலெக் தீவு 9 பாகை வடக்கில் இருக்கிறது. ஏவுதளத்தின் அகலாங்கைவிடக் குறைந்த சாய்வுக்கு நேராக ஏவ முடியாது. நடுவானில் திசை திருப்ப எரிபொருள் நிறைய வேண்டும்.

சரி, இவ்வளவு நல்ல பாதையைத் தனியார் நிறுவனங்கள் ஏன் மொய்க்கவில்லை? அங்கிருந்து லண்டனும் தெரியாது, பெய்ஜிங்கும் தெரியாது. படத்தை விலைக்கு வாங்கும் பணக்கார நாடுகள் பலவும் பட்டைக்கு வெளியே இருக்கின்றன. சந்தை கண்டுகொள்ளாத இப்படிப்பட்ட வேலைக்குத்தான் அரசாங்கப் பணம் தேவைப்படுகிறது.

அந்தப் பணம் ஆட்களையும் உருவாக்கியது. 2000-இல் பறந்த நம் தியுங்சாட்-1 செயற்கைக்கோள் பிரிட்டனின் சர்ரே நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது, ரசாக்சாட் கொரியாவின் சாட்ரெக் நிறுவனத்தோடு. நம் பொறியாளர்கள் அங்கே கூடவே வேலை செய்து கற்றார்கள். ஆனால் மூன்றாண்டு உழைக்க வேண்டிய ரசாக்சாட் ஓராண்டு அளவிலேயே செயலிழந்தது. அப்புறம் திட்டமிட்ட ரசாக்சாட்-2 பறக்கவே இல்லை. 2015-இல் சிங்கப்பூரின் டெலியோஸ்-1 செயற்கைக்கோள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 15 பாகைச் சாய்வில் பறந்தது. நாம் முன்னமே பிடித்த யோசனை அது!

2019-இல் மலேசிய விண்வெளி நிறுவனம் அமைந்தது, 2022-இல் விண்வெளிச் சட்டமும் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் ஆய்வுக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2020-இல் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2030-க்கான இலக்கோ 3.5 விழுக்காடு. முதல் செயற்கைக்கோள் பழுதாகலாம் என்று தெரிந்தே இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். பழுதின் காரணத்தைக் கண்டறிந்த அதே குழுதான் அடுத்ததைச் செய்ய வேண்டும்.