ஷார்ட் ஷிஃப்டர் போடும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

"கியர் ராடு ரொம்ப தூரம் போகுது, ஷார்ட் ஷிஃப்டர் போட்டுக் கொடுங்க" என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் (கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் மாற்று ராடுதான் ஷார்ட் ஷிஃப்டர்), முதலில் இன்ஜினை அணைப்பேன். மூன்றாவது கியரில் போட்டு, ராடின் உச்சியிலுள்ள குமிழை, அதாவது நாபை, இரண்டு விரலால் ஆட்டிப் பார்ப்பேன். கியர் விழுந்த பிறகும் ராடு லொடலொடவென்று ஆடினால், குறை ராடின் நீளத்தில் இல்லை.

தொண்ணூறுகளின் ஹோண்டா சிவிக், இன்டெக்ராவில் ராடுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தரைக்கு அடியில் நீளக் கம்பி ஓடும். அதன் முனைகளில் புஷ், அதாவது இணைப்பு ஆடாமல் பிடிக்கும் சிறு வளையங்கள், இருக்கும். இருபத்தைந்து வருடச் சூட்டில் அவை நொறுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாஸ்டா எம்எக்ஸ்-5இல் ராடு நேரே கியர்பாக்ஸுக்குள் இறங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. அதிலும் ராடின் அடியை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, சூடும் சத்தமும் உள்ளே வரும். முதலில் இவற்றை மாற்றுங்கள். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராதவர்களுக்கு ஒரு கணக்கு. ஷார்ட் ஷிஃப்டர் வெறும் நெம்புகோல். ராடு எந்தக் குண்டின் மேல் சாய்ந்து திரும்புகிறதோ, அந்தக் குண்டுக்கு மேலே ராடு 200 மி.மீ., கீழே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழ்முனை 10 மி.மீ. நகர, கை 40 மி.மீ. நகரவேண்டும். கீழ்ப்பகுதியை 65 ஆக்கினால் கை 31 மி.மீ. நகர்ந்தால் போதும். ஆனால் தள்ளும் விசை முப்பது சதவீதம் கூடும். மேலே ராடை அறுத்துக் குட்டையாக்கினாலும் இதே கதைதான்.

கூடுதல் விசை போய் நிற்கும் இடம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ வளையம். கியரின் வேகத்தையும் ஷாஃப்ட்டின் வேகத்தையும் உரசிச் சமன்செய்ய அதற்கு ஒரு கணம் தேவை. கைக்குத் தூரம் குறைந்ததால் அந்தக் கணம் குறைந்துவிடாது. காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியருக்குக் குத்தித் தள்ளுபவர்களின் கியர்பாக்ஸில்தான் 'கர்ர்' என்ற சத்தம் முதலில் கேட்கும். ஆயில் விஷயத்தில் உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதை மட்டும் கேளுங்கள். கெட்டியானது நல்லது என்பது வெறும் பேச்சு.

மாட்டுவது பெரிய வேலையல்ல. குண்டுக்குக் கிரீஸ், போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க டார்க் ரென்ச், அவ்வளவுதான். நான் ஒருமுறை சறுக்கியது வேறு இடத்தில். ராடைச் சுற்றியுள்ள மூடியான கன்சோலுக்கு அடியில் புது ரப்பர் பூட் மடிந்து, ராடைக் கடைசி இரண்டு மி.மீ. போகவிடாமல் தடுத்திருக்கிறது. கைக்குக் கியர் விழுந்ததுபோலவே இருந்தது. மறுநாள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் இரண்டாவது கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பற்களின் முனை மழுங்கியிருக்கும். அன்றுமுதல் கன்சோலை மூடிய பிறகும் ரிவர்ஸ் உட்பட ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்க்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

இன்னொன்றுதான் எனக்கு உண்மையான பயம். சில கிட்கள் பக்கவாட்டுத் தூரத்தையும் சுருக்கிவிடும். மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை சற்றே சாய்ந்தால் இரண்டில் விழும். ஆரம்பகால ஹோண்டா எஸ்2000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்தே குட்டை ராடோடு வந்த வண்டி, இன்ஜின் தாங்கும் எல்லையைக் காட்டும் சிவப்புக்கோடு நிமிடத்துக்கு 9,000 சுற்று. மூன்றாவது கியர் விகிதம் 1.481, இரண்டாவது 2.045. மூன்றில் 8,000 சுற்றில் இருக்கும்போது இரண்டில் விழுந்து கிளட்ச்சை விட்டால் இன்ஜின் 11,000ஐத் தாண்டும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றும்போது அதால் என்ன செய்ய முடியும்? வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

அதனால் புது ஷிஃப்டரோடு முதல் சில நாட்கள் நாபை முஷ்டியால் பிடிக்காதீர்கள். மூன்றிலிருந்து நியூட்ரலுக்கு வந்ததும் ஸ்பிரிங் ராடை நடுவிலேயே வைத்திருக்கும். விரல்களை லேசாக மடக்கி, பக்கவாட்டில் அழுத்தாமல் நேராகப் பின்னால் இழுங்கள். நான்கு தானாக விழும்.