கேரியர்: தமிழில் எப்படிச் சொல்வது?

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் நடந்த ஒரு ரத்தப் பரிசோதனை முகாமுக்கு எழுத்து வேலைக்காகப் போயிருந்தேன். முடிவுச் சீட்டை வாங்கிய ஒரு பெண், அதிலிருந்த வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டி, "கேரியர்னா எனக்குச் சீக்கு இருக்குங்கிறீங்களா, இல்லைங்கிறீங்களா?" என்றார். மேசை ஓரத்தில் எங்கள் சாப்பாட்டு கேரியர் வேறு உட்கார்ந்திருந்தது.

லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் சக்கர வண்டி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கேரி', அதாவது சுமந்து செல் என்று ஆனது. 'கார்' என்ற சொல்லும் அதே வண்டியில் வந்ததுதான். மரபியலில் கேரியர் என்பவர், ஒரு நோய்க்கான மரபணுவை வைத்திருந்தும் பொதுவாகத் தான் நோயாளியாகாதவர். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடியவர்.

நீலகிரிக்கு இந்தச் சொல் புதிதல்ல. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அரிவாள் செல் ரத்தசோகை. அதற்கான மரபணு இந்தியாவில் இருப்பது முதன்முதலில் தெரியவந்தது இந்த மலைப் பழங்குடி மக்களிடம்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கடத்தி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது மின்கம்பியையும் சோதனைச்சாவடியையும்தான் நினைவுபடுத்துகிறது. 'நோய்தாங்கி' என்றால் நோயே இல்லாதவரைப் படுக்கையில் போட்டுவிடுகிறது. ஈழத்தமிழில் 'காவுதல்' என்றால் சுமத்தல். நோயைப் பரப்பும் கொசு போன்றவற்றை அங்கே 'நோய்க்காவி' என்பார்கள். தோளில் சுமப்பதைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல் அது, காவடிக்கும் அதுவே வேர். வெறும் 'காவி' என்றால் நம் ஊரில் நிறமாகிவிடும். 'மரபுக்காவி' என்று சேர்த்துச் சொன்னால் சாயம் ஒட்டாது. என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. பழனிக்குப் போகும் காவடியில் தண்டின் இரு முனையிலும் சுமை இருக்கும். மரபணுவும் அப்படித்தான், அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. மரபுக்காவிக்கு ஒரு முனையில் நல்லது, மறுமுனையில் அரிவாள் மரபணு. நல்லது ஒன்று இருப்பதால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். இப்படி அடங்கிக் கிடப்பதைத்தான் பாடப்புத்தகம் 'ஒடுங்கு பண்பு' என்கிறது.

பிள்ளை உருவாகும்போது ஒவ்வொருவர் காவடியிலிருந்தும் ஒரு முனைச் சுமைதான் இறங்கும். அம்மாவும் அப்பாவும் மரபுக்காவிகள் என்றால் நான்கு விதமாகச் சேரலாம். இரண்டும் நல்லதாக வருவது ஒரு விதம். பிள்ளையும் மரபுக்காவி ஆவது இரண்டு விதம். இரண்டுமே அரிவாள் மரபணுவாகி நோய் வருவது ஒரு விதம், அதாவது 25 சதவீதம். பெற்றோரில் ஒருவர் மட்டும் மரபுக்காவி, மற்றவரிடம் அந்த மரபணு இல்லை என்றால் பிள்ளைக்கு இந்த நோய் வராது; மரபுக்காவி ஆக மட்டும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நாலில் ஒன்று என்றதும், "மூத்தவனுக்கு வந்தாச்சு, அடுத்த மூணுக்கும் பயமில்லை" என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படித்தவர்களும் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. முன்பு விழுந்தது அதற்குத் தெரியாது.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சீட்டின் பின்புறம் ஒரு காவடி வரைந்து, ஒரு முனையை மட்டும் கறுப்பாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ அவரோடதையும் பார்க்கணுமே" என்றார். வீட்டுக்காரர் கொழுந்து மூட்டை ஏற்றப் போயிருந்தாராம். முகாம் எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார்.